மடியில் கனம்

விஞ்ச் முனகத் தொடங்கியபோது மணி நாலேகால்.
உவேரிகுவா கம்பியைத் தொட்டுப் பார்த்தான்,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி.
"பன்னிரண்டு டன்."
மாவுக் கையோடு ஓடிவந்த சமையல்காரி நமுபாலா
போனஸ் பணத்தை அங்கேயே நின்று செலவழித்தாள்:
ஒரு ஃபிரிட்ஜ். மகனுக்கு ஷூ.

நான் வாயைத் திறக்கவில்லை.
இந்தக் கப்பலில் என் வேலை எண்ணுவது,
எண்ணியதை அரசாங்கத்துக்கு எழுதுவது.
வால்விஸ் பே துறைமுகத்தை விட்டு ஒன்பது நாள்;
ஒன்பது நாளும் காற்று தென்கிழக்கில்தான்.

அந்தக் காற்று
நமீபியக் கரையின் மேல்தண்ணீரைப்
பாய்போலச் சுருட்டிக்கொண்டு போய்விடும்.
விட்ட இடத்துக்கு அடியிலிருந்து ஏறிவரும்
எப்போதோ செத்தவற்றின் உரம் கரைந்த
குளிர்ந்த நீர்.
வெயில் தொட்டதும் கடல் முழுக்கப் பச்சை,
கண்ணுக்குத் தெரியாத பயிர்,
வேலியில்லாமல்.

மேய்வதற்குச் சாளை இருந்தது ஒரு காலம்.
வழித்து எடுத்தோம். தகரத்தில் அடைத்தோம்.
அடைத்த தொழிற்சாலையின் கூரையில்
இப்போது நீர்க்காகங்கள் எச்சமிடுகின்றன.
மேயாத பயிர் தானே செத்து, அடியில் இறங்கி, அழுகி,
அங்கிருக்கும் மூச்சையெல்லாம் குடித்துவிடுகிறது.

ஆறாம் நாள் நாற்றம் வந்தது.
அழுகிய முட்டை என்பார்கள்; அதைவிடப் பழசு.
தெற்கே கரையோரம்
கடல் பால்நீலமாகத் திரிந்து கிடப்பதாகவும்
சிங்கிறால்கள் மணலுக்கு நடந்தே வந்துவிட்டதாகவும்
வயர்லெஸ்ஸில் ஒருவன் சிரித்துக்கொண்டு சொன்னான்,
வாளியோடு போகிறானாம்.

கயிற்றில் சென்சாரைக் கட்டி இறக்கினேன்.
நாற்பது மீட்டரில் ஆக்சிஜன் சரிந்தது.
எழுபதில்
கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.
கருவி கெடவில்லை.

மடியின் முடிச்சை அவிழ்த்தார்கள்.

வெந்த ஜவ்வரிசி மலை சரிந்ததுபோல ஒரு சத்தம்,
சத்தம்கூட இல்லை, ஒரு வழுக்கல்.
செம்பழுப்புக் கோடு போட்ட இழுதுமீன்கள்
முழங்கால்வரை, இடுப்புவரை,
ஒன்றன் கை இன்னொன்றில் சிக்கி,
எது எதனுடையது என்று தெரியாமல்.
உவேரிகுவாவின் இமை நொடியில் தடித்தது.
யாரோ வினிகர் கேட்டார்கள்.
யாரும் யாரையும் திட்டவில்லை; அது அதைவிட மோசம்.

எலும்பில்லை, அவசரமில்லை.
மூச்சு மெலிந்த நீரில் ஹேக் விலகிப்போகும்,
இது இருந்துகொள்ளும்.
போட்டிக்கு ஆளில்லாத பந்தியில்
இலை எடுக்கும்வரை உட்கார்ந்திருக்கும்.
இதன் குஞ்சுகள் எங்கே என்று கேட்டால்
நங்கூரக் கயிற்றைத்தான் காட்டத் தோன்றுகிறது,
பாறையை, படகுத்துறையின் கால்களை.
எங்கோ நகமளவு மொட்டாக ஒட்டிக்கொண்டு
நீர் மாறும் நாளுக்காக.

கேப்டன் பியூக்கஸ் மேலிருந்து கத்தினார்:
"கோலியாத்! பதிவேட்டில் என்ன எழுதுவாய்?"
ஐந்தடி உயரத்துக்கு இந்தக் குடும்பப் பெயர்
அவருக்கு இன்னும் அலுக்கவில்லை.

பதிவேட்டில் ஹேக்குக்குப் பத்தி உண்டு,
கானாங்கெளுத்திக்கு உண்டு.
கடைசியில் "மற்றவை", விரலகலம்.
ஹேக்: ஏழு, என்று எழுதினேன்.
டன் இல்லை. ஏழு மீன்.
மற்றவையில் பன்னிரண்டு டன் அடங்கவில்லை;
ஓரத்தில் எழுதி, தாளைத் திருப்பியும் எழுதினேன்:
காற்று, நாள், ஆழம், அந்த எழுபது மீட்டர்.

வாரித் தள்ளும்போது ஒன்றின் குடைக்குள்
கட்டைவிரல் நீளத்தில் ஒரு உளுவை துடித்தது.
மூச்சில்லாச் சேற்றில் பகலைக் கழித்துவிட்டு
இரவில் மேலேறி இழுதைத் தின்கிற மீன்.
அதன் வயிற்றில் இருந்தது அதுதான்.
அதற்கும் பத்தி இல்லை.
தண்ணீரில் விட்டேன்; பிழைத்ததா தெரியாது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
எங்கள் மடி காலியானபிறகுதான்
டீசல் கணக்கை எடுத்தார் கேப்டன்.

நமுபாலா ரொட்டி மாவுக்குத் திரும்பினாள்.
ஃபிரிட்ஜை விட்டுவிட்டாள், கேட்டேன்.
ஷூவின் அளவை மட்டும்
இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

காற்று அதே திசை.